ஒரே ஞானஸ்நானம், இரண்டு கல்லறையா?

மனிதர் யாவரும் சமம் என்று சொல்லாத மதம் இன்று உலகத்தில் ஒன்றேனும் உண்டா? மேடையேறிப் பேசும்பொழுது எல்லா மதத்தாரும் சமத்துவவாதிகளே. மேடையைவிட்டு இறங்கிப் பந்தியில் உட்காரும்பொழுதும், பெண் கொடுத்துப் பெண் எடுக்கும்பொழுதும், செத்தவனைப் புதைக்கும்பொழுதும் அந்தச் சமத்துவம் எந்த மூலையில் போய் ஒளிந்துகொள்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி. ஒரு மதத்தின் யோக்கியதையை அதன் வேத புத்தகத்தை மட்டும் விரித்துவைத்து நிறுத்துவிட முடியாது. அதன் பந்தியையும் மணப்பந்தலையும் இடுகாட்டையும் தராசில் வைத்தே நிறுக்க வேண்டும்.

இந்தத் தராசில் இன்று கிறிஸ்து மார்க்கத்தை வைக்கின்றோம். அதற்குக் காரணம் உண்டு. தமிழ்நாட்டில் ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்ட மக்கள், பொதுக்குளத்தில் நீர் மொள்ளவும் பொதுத்தெருவில் நடக்கவும் தடுக்கப்பட்ட மக்கள், இலட்சக்கணக்கில் இந்த மார்க்கத்தை நாடிச் சென்றார்கள். அவர்களிற் சிலர் கப்பலேறி அந்நாளைய மலாயாத் தோட்டங்களுக்கும் வந்தார்கள். நாமும் மனிதரென்று மதிக்கப்படுவோம் என்ற ஆசையே அவர்களுட் பலரைக் கிறிஸ்து மார்க்கத்துக்கு இழுத்த பெரிய கயிறு. அந்த ஆசை நிறைவேறிற்றா என்று கேட்க அவர்களுடைய பேரப்பிள்ளைகளுக்கு உரிமை உண்டு. அவர்களோடு ஒரே லயத்தில் வாழ்ந்து, ஒரே பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து நின்ற மற்றத் தமிழருக்கும் அந்த உரிமை உண்டு.

நாம் எந்த மதத்துக்கும் தரகு பேச வரவில்லை. எந்த மதத்தையும் வைது மகிழவும் வரவில்லை. கிறிஸ்து மார்க்கம் மனித சமத்துவத்துக்கும் ஒற்றுமைக்கும் அஸ்திவாரமாக இருக்க வல்லதா என்று கேட்டால், வல்லது என்றே சொல்லுவோம். ஆனால் அந்த அஸ்திவாரத்தின்மேல் நம் தமிழ்க் கிறிஸ்தவர்கள் நெடுங்காலமாகக் கட்டிவைத்திருப்பது ஒரே கூடமுள்ள வீடன்று. நடுவே சுவர் வைத்துத் தடுத்த லயம். சுவர் வைத்தவர்கள் சொல்லும் சாக்கு ஒன்றே ஒன்று: “சாதி மத விஷயமன்று; அது வெறும் உலக வழக்கம்.” இந்தச் சாக்கை உடைப்பதே இக்கட்டுரையின் வேலை.

அந்தியோகியாவில் நடந்த சாப்பாட்டுச் சண்டை

கிறிஸ்தவ வேதத்தில் சமத்துவத்துக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டால், போதகர்கள் பெரும்பாலும் கலாத்தியருக்குப் பவுல் எழுதிய நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தைக் காட்டுவார்கள். இனத்தால் வந்த பிரிவு, அடிமை எஜமானன் என்ற பிரிவு, ஆண் பெண் என்ற பிரிவு ஆகிய மூன்றும் கிறிஸ்துவுக்குள் அற்றுப்போயின என்பது அந்த அதிகாரத்தின் கருத்து. நல்லது. ஆனால் அதற்கு முந்திய அதிகாரத்தில் சொல்லப்பட்ட சண்டையைப் பற்றி எத்தனை போதகர்கள் பிரசங்கிக்கிறார்கள்?

அந்தியோகியா பட்டணத்தில் பேதுரு, யூதரல்லாத கிறிஸ்தவர்களோடு ஒரே பந்தியில் உண்டுவந்தார். யாக்கோபினிடமிருந்து சிலர் வந்து சேர்ந்தவுடன், அவர்கள் என்ன நினைப்பார்களோ என்று அஞ்சிப் பந்தியைவிட்டு விலகிக்கொண்டார். அவரைப் பார்த்து மற்ற யூதக் கிறிஸ்தவர்களும் விலகினார்கள், பர்னபாவுங்கூட விலகினார். பேதுரு எந்த விசுவாசத்தையும் மறுதலிக்கவில்லை. எந்த உபதேசத்தையும் மாற்றவில்லை. இடம் மாறி உட்கார்ந்தார், அவ்வளவுதான். அதைப் பவுல் சிறு விஷயமென்று விட்டாரா? இல்லை. எல்லாருக்கும் முன்பாக, முகத்துக்கு முகம் எதிர்த்தார். அந்த நடத்தை சுவிசேஷத்தின் சத்தியத்துக்கே ஒவ்வாதது என்று கண்டித்தார்.

வாசகர்கள் இதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். சாப்பாடு உலக வழக்கந்தானே? யாரோடு உட்கார்ந்து உண்பது என்பது குல வழக்கந்தானே? பேதுருவும் அப்படியே சொல்லியிருக்கலாமே! “ஆத்துமாவில் நாம் எல்லாரும் ஒன்று, இலை மட்டும் வேறு” என்று சமாதானம் கூறியிருக்கலாமே! அந்தச் சமாதானத்துக்கு அந்தியோகியாவில் இடம் கிடைக்கவில்லை. அன்று அங்கே அடிபட்ட வாதத்தைத்தான் பல நூற்றாண்டு கழித்துத் தஞ்சாவூரிலும் தரங்கம்பாடியிலும் நம்மவர்கள் தூசி தட்டி எடுத்து, புது வாதம்போல் பேசினார்கள்.

கொரிந்து சபையிலும் இதே நோய் கண்டது. திருவிருந்துக்கு வந்தவர்களில் வசதியுள்ளோர் முந்தி உண்டுவிட, இல்லாதோர் பசியோடு நின்றனர். அப்படி உண்பது கர்த்தருடைய பந்தியே ஆகாது என்று பவுல் எழுதினார். பொன் மோதிரம் போட்டவனுக்கு நல்ல ஆசனமும் கந்தை கட்டியவனுக்குக் காலடியும் காட்டுகிற சபையை யாக்கோபின் நிருபம் கண்டிக்கிறது. கிறிஸ்து தாமே, யூதர் கலந்து புழங்காத சமாரிய சாதிப் பெண்ணிடம், அவள் மொண்டு கொடுக்கும் தண்ணீரைக் கேட்டார் என்று யோவான் சுவிசேஷம் சொல்லுகிறது. தாழ்த்தப்பட்டவன் குடத்துத் தண்ணீரைக் கேட்டுக் குடிப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதைத் தமிழனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இவையெல்லாம் அன்பைப் பற்றிய அழகான கதைகள் மட்டுமல்ல. இவற்றுக்கு அடியில் ஓர் உறுதியான கொள்கை இருக்கிறது. எல்லா மனிதரும் கடவுளின் சாயலாகப் படைக்கப்பட்டவர்; எல்லாரும் பாவிகள்; எல்லாருக்கும் இரட்சிப்பு இலவசமாகவே கிடைக்கிறது; யாரும் தம் பிறப்பினால் அதைச் சம்பாதித்ததில்லை. இதுவே அந்தக் கொள்கை. இதை ஒருவன் மெய்யாக ஏற்றால், பிறவிப் பெருமைக்கு இடமேது? முற்பிறப்பின் வினையைக் காட்டித் தாழ்ந்தவனைத் தாழ்விலேயே நிறுத்திவைக்கவும் இந்த மார்க்கத்தில் வழியில்லை. ஞானஸ்நானத் தொட்டியில் இறங்கும்பொழுது பிறப்பின் உயர்வையும் தாழ்வையும் நீரிலே விட்டுவிட்டு ஏறவேண்டும். உயர்வை மட்டும் துணி நனையாமல் தலைக்குமேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு முழுகியவன் முழுகினவன் ஆவானா?

“உலக வழக்கம்” என்ற பொய்யின் சரித்திரம்

இந்தச் சாக்கு நேற்று முளைத்ததன்று. 1606-இல் மதுரைக்கு வந்த தத்துவ போதகர் என்னும் இராபர்ட் தெ நொபிலி தமிழும் வடமொழியும் கற்றுத் தேர்ந்தவர். தமிழ் உரைநடைக்குத் தொண்டு செய்தவர். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் உயர்சாதியாரைச் சேர்க்க விரும்பிய அவர், பூணூல், குடுமி, சந்தனம் முதலியவை குலத்தின் அடையாளங்களே ஒழிய மதத்தின் அடையாளங்கள் அல்ல என்று வாதித்தார். 1623-இல் பாப்பரசர் பதினைந்தாம் கிரகோரி அவற்றுக்கு அனுமதி தந்தார். பிறகு மதுரை மிஷனில் உயர்ந்தோருக்குச் சந்நியாசி வேடத்துக் குருமாரும் தாழ்ந்தோருக்குப் பண்டாரசாமிகளும் என இரு வகைக் குருமார் ஏற்பட்டார்கள். ஒரே கிறிஸ்துவைப் பிரசங்கிக்க இரண்டு சாதிக் குருமார்! குடுமி அடையாளமாயிருக்கலாம், ஆடை அடையாளமாயிருக்கலாம், தீண்டாமை எதற்கு அடையாளம்?

சீர்திருத்தச் சபையார் இதைவிட நன்றாகச் செய்தார்களா? 1706-இல் சீகன்பால்குவும் புளுட்சோவும் தரங்கம்பாடிக்கு வந்தார்கள். தமிழில் புதிய ஏற்பாடு அச்சேறியது அவர்கள் மிஷனின் அழியாப் புகழ். ஆனால் 1718-இல் அங்கே எழுந்த புதிய எருசலேம் ஆலயத்திலே சூத்திரக் கிறிஸ்தவர் ஒரு பக்கமும் பறையர் கிறிஸ்தவர் ஒரு பக்கமுமாக உட்கார்ந்தார்கள். 1733-இல் ஆரோன் என்ற வேளாளர் அந்தச் சபையின் முதல் தமிழ்க் குருவாக அபிஷேகம் பெற்றார். ஊழியத்தில் பெயர்பெற்ற இராஜநாயக்கன் என்ற உபதேசியாரோ பறையர் குலத்தவர். அவர் கையால் திருவிருந்து வாங்க மேற்சாதியார் இசையமாட்டார்கள் என்ற அச்சத்தினால் அவருக்குக் குருப்பட்டம் கிட்டவில்லை. கர்த்தர் அழைத்தவனைச் சாதி தடுத்தது. சபை சாதிக்குக் கீழ்ப்படிந்தது.

தஞ்சைக் கிறிஸ்தவர்களுள் பெரும் புலவராகிய வேதநாயகம் சாஸ்திரியார் பக்திப் பாடல்களால் இன்றும் போற்றப்படுபவர். பெத்லகேம் குறவஞ்சி பாடிய அவரே, சாதி வேற்றுமையைத் துடைக்க முயன்ற மிஷனரிகளை எதிர்த்து 1829-இல் எழுதினார். 1833-இல் கல்கத்தா அத்தியட்சர் டேனியல் வில்சன், சபைக்குள் சாதிப் பிரிவினை உடனே, முற்றாக ஒழிய வேண்டும் என்று சுற்றறிக்கை விடுத்தார். நடந்ததென்ன? தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் மேற்சாதிக் கிறிஸ்தவர்களிற் பலர் ஆலயத்தைவிட்டே வெளியேறினார்கள். கிறிஸ்துவா சாதியா என்று கேட்டபொழுது அவர்கள் எதைத் தெரிந்துகொண்டார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

1847-இல் மதுரை அமெரிக்க மிஷனார் இன்னும் வெளிப்படையான பரீட்சை ஒன்று வைத்தார்கள். சபை ஊழியர்கள் சாதி பாராமல் ஒன்றாக உட்கார்ந்து அன்பின் விருந்து உண்ண வேண்டும் என்றார்கள். வேதத்தில் தேறிய பலர் இந்தச் சோற்றுப் பரீட்சையில் தோற்று விலக்கப்பட்டார்கள். 1850-இல் சென்னையில் கூடிய மிஷனரிமார், சாதியை விட்டதற்கு அத்தாட்சி காட்டாதவருக்கு ஞானஸ்நானம் இல்லை என்று தீர்மானித்தார்கள். லீப்சிக் லூதரன் மிஷன் மட்டும் அதில் சேராமல், சாதி உலக வழக்கம் என்ற பழைய பல்லவியையே பாடியது.

அன்பர்களே! உலக வழக்கத்துக்கும் சாதிக்கும் வேற்றுமை அறிய ஓர் எளிய உரைகல் உண்டு. வேட்டி கட்டுவது வழக்கம். அதனால் வேட்டி கட்டாதவனுக்கு அவமானமில்லை. பொங்கல் வைப்பது வழக்கம். பொங்கல் வையாதவனை அது தாழ்த்துவதில்லை. ஆனால் சாதி என்னும் வழக்கம், கீழே ஒருவன் கிடந்தாலன்றி ஒரு நாளும் நிற்காது. ஒருவனை மிதித்தே நிற்கும் வழக்கத்தை உலக வழக்கம் என்று சொல்லலாமா? மேலும், அது உலக வழக்கமாகவே இருந்தால் ஆலயத்தின் வாசற்படியில் செருப்போடு நின்றிருக்க வேண்டும். அது உள்ளே வந்து ஆசனம் பிடித்ததேன்? திருவிருந்தில் முதல் வரிசை கேட்டதேன்? குருப்பட்டத்தைத் தடுத்ததேன்? கடைசியில் கல்லறைத் தோட்டம் வரையில் கூடவே நடந்ததேன்?

சுவருக்கு வழக்காடியவர்கள்

திருநெல்வேலிச் சீமையில் வடக்கன்குளம் என்னும் கத்தோலிக்க ஊர். அங்கே 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய ஆலயம், ஒரே பீடத்தில் கூடும் இரண்டு கூடங்களை உடையது. ஒரு கூடம் வேளாளருக்கு, ஒரு கூடம் நாடார் முதலியவர்களுக்கு. நடுவிலே சுவர். பீடத்தில் நிற்கும் சாமியார் இரு கூடத்தாரையும் பார்க்கலாம். இரு கூடத்தாரும் ஒருவரையொருவர் பாராமலே ஒரே பூசை காணலாம். சிற்ப சாஸ்திரத்தில் இது ஒரு புதுமைதான்! அயலானை நேசிக்கச் சொன்ன கடவுளைத் தொழ, அயலான் முகம் தெரியாதபடி ஓர் ஆலயம்! 1910-இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. இடித்ததை எதிர்த்து வேளாளக் கிறிஸ்தவர்கள் நியாயஸ்தலம் ஏறினார்கள். வழக்குச் சென்னை உயர்நீதிமன்றம் வரை சென்று தோற்றது. கிறிஸ்தவனான பின் தீட்டுப் பேசும் உரிமை ஏது என்பதே தீர்ப்பின் சாரம். சபை சொல்லியும் கேளாதவர்களுக்குக் கிறிஸ்து மார்க்கம் இன்னதென்று ஒரு சர்க்கார் கோர்ட்டு சொல்லிக்கொடுக்க வேண்டியதாயிற்று. இதைவிட வெட்கக்கேடு உண்டா?

“அது பழைய கதை” என்பார்கள். திருச்சிராப்பள்ளி மேலப்புதூர்க் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில், தாழ்த்தப்பட்டோர் குழிகளையும் மற்றவர் குழிகளையும் பிரிக்க எழுப்பிய சுவர் இந்த 21-ஆம் நூற்றாண்டிலும் பேச்சுக்கும் போராட்டத்துக்கும் இடமாயிற்று. உயிரோடிருப்பவன் தொட்டால் தீட்டு என்பது மூடத்தனம். செத்தவன் பக்கத்தில் படுத்தாலும் தீட்டு என்பதை என்னவென்பது? உயிர்த்தெழுதல் நாளில் எக்காளம் ஊதும்பொழுது, சுவருக்கு இந்தப் பக்கம் எழுந்தவன் சுவரேறிக் குதித்துத்தான் நியாயாசனத்துக்குப் போகவேண்டுமோ?

2008-ஆம் ஆண்டு மார்ச்சு 9-ஆம் நாள் பழைய தென்னார்க்காட்டுப் பகுதியிலுள்ள எறையூரில் நடந்தது இன்னும் கொடியது. ஒரே கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்த வன்னியக் கிறிஸ்தவருக்கும் தலித் கிறிஸ்தவருக்கும் மூண்ட கலகம் அது. சவ ஊர்வலப் பாதை முதல் ஆலய வழிபாடு வரையில் பட்ட அவமானம் தாங்காமல், தலித் கிறிஸ்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு கேட்டிருந்தார்கள். அன்று போலீசார் சுட்டதில் இருவர் மாண்டார்கள். கொன்றது துப்பாக்கிக் குண்டு. அந்தக் குண்டுக்கு மருந்து கெட்டித்தது சாதி.

1606 முதல் 2008 வரை நானூற்றிரண்டு ஆண்டுகள்! “மெல்ல மெல்ல மாறும், பொறுத்திருங்கள்” என்று அறிவுரை கூறுவோர் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். நானூறு ஆண்டுப் பொறுமை போதாதா? பொறுத்திருக்கச் சொல்லுகிறவன் எப்பொழுதும் நிழலில் உட்கார்ந்திருக்கிறான். பொறுத்திருக்கிறவன் எப்பொழுதும் வெயிலில் நிற்கிறான்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. 1950-இல் இந்திய ஜனாதிபதி பிறப்பித்த உத்தரவு, பட்டியல் சாதியாருக்குரிய பாதுகாப்புக்களை இந்துக்களுக்கே உரியதாக்கிற்று. 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். கிறிஸ்தவர் அப்பொழுதும் சேர்க்கப்படவில்லை. உங்கள் மார்க்கத்தில்தான் சாதி இல்லையே என்பது அதற்குக் கூறப்பட்ட நியாயம். தாழ்த்தப்பட்ட கிறிஸ்தவனின் கதியைப் பாருங்கள்! நீ கிறிஸ்தவன், உனக்குச் சாதியில்லை என்று சர்க்கார் கதவை அடைக்கிறது. நீ கிறிஸ்தவனானாலும் உனக்குச் சாதியுண்டு என்று சபையார் கதவை அடைக்கிறார்கள். இரண்டு கதவுக்கும் நடுவே அவன் நிற்கிறான். வேதத்தில் எழுதியதைச் சபையார் கைக்கொண்டிருந்தால், ஒரு கதவாவது அவனுக்குத் திறந்திருக்கும்.

கீழேயிருந்து வந்த வேதம்

இவ்வளவையும் கேட்டபின் நம் பகுத்தறிவுத் தோழர்கள், “பார்த்தீர்களா, எல்லா மதமும் ஒரே புரட்டு, கிறிஸ்து மார்க்கத்தையும் குப்பையில் கொட்டுங்கள்” என்பார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது. அவர்களுடைய முடிவு பாதி உண்மையையே கண்டது. சுவர் வைத்தவனின் சரித்திரத்தை மட்டும் படித்து, சுவரை இடித்தவனின் சரித்திரத்தைப் படியாமல் விட்டால், இடித்தவனுக்கும் நாம் அநியாயம் செய்தவர்களாவோம்.

தென் திருவிதாங்கூரில் சீர்திருத்தக் கிறிஸ்தவம் எப்படி வந்தது? வெள்ளைக்காரப் பாதிரி தாமாகத் தேடி வந்து கொடுத்ததென்று பலர் நினைக்கிறார்கள். மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் என்னும் பறையர் குலத்தவர் தஞ்சாவூருக்குச் சென்று அந்த விசுவாசத்தை ஏற்று, வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்பினார். தம் மக்களுக்குப் போதகர் வேண்டுமென்று வற்புறுத்தி அழைத்தவர் அவரே. அதன்பின் 1806-இல் இரிங்கல்தௌபே ஐயர் அங்கே வந்தார். அந்நாட்டின் முதற் சீர்திருத்தச் சபைக்கு வித்திட்டவர் தீண்டப்படாதவரென்று ஒதுக்கப்பட்ட ஒரு தமிழர். அவருக்கு எந்தக் கலாசாலையும் சமத்துவம் கற்பிக்கவில்லை. தமக்கும் ஆத்துமா உண்டு, அதற்கும் விலை உண்டு என்று கேள்விப்பட்டார். அதைக் கேட்டபின் அவரால் சும்மா இருக்க முடியவில்லை.

அதே நாட்டில் நாடார் குலப் பெண்கள் மார்பை மறைக்கக் கூடாது என்றிருந்த காட்டுமிராண்டி வழக்கத்தை எதிர்த்தவர் யார்? ஞானஸ்நானம் பெற்ற ஏழைப் பெண்கள். சந்தையில் அவர்களுடைய ஆடையைக் கிழித்தார்கள். வீடுகளையும் பள்ளிகளையும் கொளுத்தினார்கள். பெண்கள் அசையவில்லை. பல ஆண்டுக் கலகத்துக்குப் பின் 1859-இல் திருவிதாங்கூர் அரசர் மார்பை மறைக்க உத்தரவு கொடுத்தார். அதிலும் உயர்சாதிப் பெண்களைப்போல் உடுக்கக் கூடாது என்று ஒரு வால் ஒட்டியிருந்தது. அந்தப் பெண்களுக்குத் துணி வெறும் துணியாகத் தோன்றவில்லை. நான் மனுஷி என்று உலகத்துக்குக் காட்டும் சாசனமாகத் தோன்றிற்று. அங்கே மிஷனரிமார் 1847-இல் அடிமைகளை விடுவிக்கும்படி அரசரிடம் விண்ணப்பித்தார்கள். 1855-இல் அடிமைத்தனம் சட்டப்படி ஒழிந்தது.

ஆகவே உண்மை இது: ஒரே வேதம் இரண்டு கைகளில் இருந்தது. மேலே இருந்தவன் கையில் அது சுவருக்குச் செங்கல்லாயிற்று. கீழே இருந்தவன் கையில் அது சுவரை உடைக்கும் கடப்பாரையாயிற்று. அடிமை வியாபாரியும் வேதத்தைக் கையில் வைத்திருந்தான். அடிமையும் அதையே படித்து விடுதலை கேட்டான். இருவரில் யார் அதைச் சரியாகப் படித்தவர் என்பதில் நமக்கு ஐயமில்லை. பந்தியைவிட்டு விலகியவரைக் கண்டித்த புத்தகம், பந்தியைவிட்டு விலக்கப்பட்டவன் பக்கமே நிற்கும்.

கடல் கடந்தும் கரையாத சாதி

இனி நம் வீட்டுக்கு வருவோம். கங்காணி தன் ஊரிலிருந்தும் தன் உறவிலிருந்தும் ஆள் கட்டி வந்தபொழுது, மூட்டையோடு மூட்டையாகச் சாதியும் கப்பலேறிற்று. 1938-இல் இந்திய சர்க்கார் கூலியாட்களை அனுப்புவதைத் தடுத்தது. ஆள் வருவது நின்றது. ஏற்கெனவே வந்திறங்கிய சாதி திரும்பிப் போகவில்லை. சில தோட்டங்களில் லயங்களே சாதிவாரியாக ஒதுக்கப்பட்டன. பால்மரம் எல்லார் கைக்கும் ஒரே பாலைத்தான் கொடுத்தது; குடிக்கும் தண்ணீர்ச் செம்பு மட்டும் வேறாயிருந்தது.

தோட்டத் துரையும் கிறிஸ்தவனே. அவன் தன் கிளப்புக்குள் ஆசியனை விடவில்லை. அவனுக்கு இங்கிலீஷ் ஆராதனை, கூலிக்குத் தமிழ் ஆராதனை. பாஷை வேறென்று சமாதானம் சொன்னார்கள். பாஷை வேறானால் இரண்டு ஆராதனை இருக்கலாம். இரண்டு நீதி இருக்கலாமா? சாதி பார்த்த தமிழ்க் கிறிஸ்தவனும் நிறம் பார்த்த வெள்ளைக் கிறிஸ்தவனும் ஒருவனுக்கொருவன் கண்ணாடி. கிராணி தன்னைக் கிளப்பில் சேர்க்கவில்லை என்று துரைமேல் வருத்தப்பட்டான். அதே கிராணி தன் வீட்டுத் திண்ணையில் தோட்டியை உட்காரவிடவில்லை.

அதே காலத்தில் வேறுவிதமான கிறிஸ்தவனும் இருந்தான். குருப்பட்டம் பெற்ற ஆங்கிலேயராகிய சி. எப். ஆண்ட்ரூஸ் 1915-இல் பிஜித் தீவுக்குச் சென்று, கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாகச் சிக்கிய இந்தியர் பட்ட துன்பத்தைக் கண்டறிந்து உலகறியச் செய்தார். அந்தக் கூலிகளில் தமிழரும் இருந்தார்கள். 1920-ஆம் ஆண்டின் முதல் நாளோடு அங்கே எஞ்சிய ஒப்பந்தங்களும் ரத்தாயின. அவருக்கு விசுவாசம் ஒரு வேலை கொடுத்தது. கிளப்பில் உட்கார்ந்திருந்த துரைக்கு அது ஞாயிற்றுக்கிழமை உடுக்கும் அங்கியாக மட்டும் இருந்தது. எது மார்க்கம், எது வேஷம் என்று தோட்டத்து மக்கள் அறிந்துகொள்ள இந்த இருவரும் போதும்.

இன்று துரையும் இல்லை, கங்காணியும் இல்லை. தோட்டங்கள் பல வீடமைப்பு இடங்களாக மாறிவிட்டன. மக்கள் பட்டணங்களில் அடுக்குமாடிகளில் வாழ்கிறார்கள். மின்தூக்கியில் ஏறும்பொழுது யாரும் சாதி கேட்பதில்லை, கேட்கவும் முடியாது. ஆனால் கலியாணப் பேச்சு எடுத்தவுடன் பழைய பேய் எழுந்து உட்காருகிறது. இப்பொழுது அது நாகரிகமாகப் பேசக் கற்றுக்கொண்டது. “என்ன சாதி” என்று கேட்பதில்லை, “தாத்தாவுக்கு இந்தியாவில் எந்த ஊர்?” என்று கேட்கிறது. “நம்ம ஆட்களா?” என்று கேட்கிறது. ஞாயிறுதோறும் ஒரே கிண்ணத்தில் பருகும் இரண்டு குடும்பங்கள், பிள்ளைகள் மனமொத்து நின்றபொழுது, பாட்டன் ஊரைத் தோண்டி எடுத்துப் பந்தலைப் பிரிக்கின்றன. இந்தக் குடும்பங்களின் கையிலிருக்கும் வேத புத்தகத்தில் கலாத்தியர் நிருபத்தைக் கறையான் தின்றுவிட்டதா?

இதற்குப் பெற்றோர் கூறும் சாக்கு, “நாங்கள் சாதி பார்ப்பதில்லை, சொந்தக்காரர் ஒத்துக்கொள்ளமாட்டார்கள்” என்பது. இது பேதுருவின் சாக்கு. அவரும் வந்தவர்களுக்கு அஞ்சியே விலகினார். அஞ்சி விலகியவரையும் பவுல் கண்டித்தார் என்பதை மறக்க வேண்டாம். வெறுப்பினால் விலக்குகிறவனுக்கும் அச்சத்தினால் விலகுகிறவனுக்கும், விலக்கப்பட்டவன் பார்வையில் வேற்றுமை என்ன? அவன் இலை காலியாகவே இருக்கிறது.

இந்து சகோதரர்களுக்கும் ஒரு சொல். கிறிஸ்தவரிடத்தில் உள்ள சாதியைக் கண்டு கைகொட்டிச் சிரிக்க வேண்டாம். அந்த நோய் அவர்களுக்கு எந்த வீட்டிலிருந்து ஒட்டிற்று என்பது உலகம் அறிந்தது. கிறிஸ்தவர்களும், சாதி இந்துக்களின் காரியம், நமக்கென்ன என்று கைகழுவ வேண்டாம். கைகழுவிய பிலாத்துவைச் சரித்திரம் இன்னும் விடுதலை செய்யவில்லை. சிறுபான்மையாக வாழும் நாட்டில், தமிழன் தமிழனைத் தீண்டத்தகாதவனாக வைத்துக்கொண்டு, பிறரிடம் சம உரிமை கேட்கும் அழகை என்னவென்று சொல்வது?

செய்யவேண்டியது

பேச்சு போதும், காரியம் என்ன? சபையாருக்கும் குருமாருக்கும் நாம் வைக்கும் கோரிக்கைகள் அரிதானவை அல்ல. சாதி பார்த்துப் பேசி முடித்த கலியாணத்தை ஆசீர்வதிக்கும் முன், போதகர் அந்தப் பெற்றோரை உட்காரவைத்து அந்தியோகியாச் சண்டையைப் படித்துக் காட்டட்டும். சாதி மீறி மணக்கும் பிள்ளைகளைப் பெற்றோர் கைவிட்டால், சபை அவர்களுக்குப் பெற்றோராக நிற்கட்டும். சபைக் கமிட்டித் தேர்தலில் “நம்ம ஆள்” என்று ஓட்டுச் சேர்ப்பவனை அந்தக் கமிட்டிக்கு அருகதையற்றவன் என்று வெளிப்படையாக அறிவிக்கட்டும். சபை விருந்துகளில் யார் சமைத்தார் என்று கேட்டு இலையைவிட்டு எழுகிறவன், திருவிருந்துக்கு வருமுன் தன் சகோதரனோடு ஒப்புரவாகட்டும். பிரசங்கங்களில் சாதி என்ற சொல்லை வாய்விட்டுச் சொல்லிக் கண்டிக்கட்டும். “பலவித வேற்றுமைகள்” என்று பொதுவாகப் பேசிக் கடக்கும் பிரசங்கம் யாரையும் சுடாது. சுடாத பிரசங்கத்தால் யாரும் திருந்தியதில்லை.

இளைஞர்களே! உங்கள் தாத்தாமார் கடல் கடந்து வந்தது கூலிக்காக மட்டுமன்று. ஊரில் கிடையாத ஒன்று அக்கரையில் கிடைக்கும் என்ற நம்பிக்கையும் அவர்கள் மூட்டையில் இருந்தது. அதை அவர்கள் கையில் கொடுப்பதாகச் சபை வாக்களித்தது. வாக்கை நிறைவேற்றச் சொல்லி இனி நீங்களே கேளுங்கள். கேட்பது அவிசுவாசமன்று. அன்று அந்தியோகியாவில் கேட்டவர் ஓர் அப்போஸ்தலர்.

கடவுளுக்கு முன் எல்லாரும் சமம் என்று ஒப்புக்கொள்வதில் யாருக்கும் செலவில்லை. அடுத்த வீட்டுக்காரனுக்கு முன் நீ சமமா என்பதுதான் கேள்வி. ஒரே கர்த்தர், ஒரே விசுவாசம், ஒரே ஞானஸ்நானம் என்று அறிக்கையிடுகிறவர்கள் ஒரே பந்தி, ஒரே மணப்பந்தல், ஒரே கல்லறை என்றும் அறிக்கையிடட்டும். முன்னவை மூன்றும் வாயால் சொல்லக்கூடியவை; பின்னவை மூன்றும் செய்தே காட்டவேண்டியவை. செய்து காட்டும் நாளில், கிறிஸ்து மார்க்கம் சமத்துவ மார்க்கமென்று கிறிஸ்தவர் சொல்லிக்கொள்ளத் தேவையிராது. மற்றவர்கள் சொல்லுவார்கள், நாமும் சொல்லுவோம்.